பனியில் உருளும் நாய்க்குட்டி: ஜப்பானியச் சுருள் ஓவியங்களில் குளிர்கால விளையாட்டைப் பார்க்கப் பழகுவோம்

எழுத உட்கார்ந்ததுமே சொல் இடிக்கிறது. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான், பேருந்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் மூட்டமும் பனிதான், இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனிதான். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பாட்டி சொன்னால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வா என்று பொருள். ஜப்பானியர் 'யுகி' என்று சொல்வது வேறு சங்கதி. அதை அள்ளலாம், உருட்டலாம், பிடித்துப் பொம்மை செய்யலாம், எதிரில் வருபவர் மேல் எறியலாம். இந்தக் கட்டுரை முழுக்கப் பனி என்று வருவதெல்லாம் அந்த யுகியைத்தான் குறிக்கும்.

ஜப்பானியப் பனி ஓவியத்தை முதல்முறை கைப்பேசியில் பார்த்தபோது படம் பாதியில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். மேலே வளைந்த மூங்கில், கீழே இரண்டு நாய்க்குட்டிகள், மிச்சமெல்லாம் வெற்றிடம். பனி எங்கே என்று தேடினேன். பெரும்பாலானோர் தொடக்கத்தில் செய்யும் தவறு இதுதான். இந்தப் படங்களில் பனியைத் தேடக் கூடாது. பனி எதன் மேல் படுகிறது, யார் அதைத் தொடுகிறார்கள் என்று தேட வேண்டும். மூக்கு, பாதம், விரல், செருப்பின் அடிப்பக்கம், வாத்தின் அலகு. அங்கிருந்து பார்க்கத் தொடங்கினால் மற்றதெல்லாம் தானாகத் துலங்கும்.

முதல் படி: உங்கள் முன் இருப்பது எந்தச் சுருள்?

சுருள் ஓவியம் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வகை உண்டு. சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்குவது காகெஜிகு. காகெமோனோ என்றும் சொல்வார்கள். பட்டிலோ தாளிலோ வரைந்து, பின்னால் தாள் ஒட்டி, சுற்றிலும் பூவேலைப் பட்டுத்துணி வைத்து, கீழே உருளைக் கட்டை சேர்த்திருப்பார்கள். ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையில் 'தொகொனோமா' என்று ஒரு மாடம் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு சுருள்தான் தொங்கும், பருவம் மாறினால் படமும் மாறும். நாய்க்குட்டி பனியில் விளையாடும் படம் குளிர்காலத்தில் வெளியே வரும், வசந்தம் வந்ததும் பெட்டிக்குள் போய்விடும். சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு முப்பது வருடம் மறந்துவிடுகிற நம் காலண்டர் பிள்ளையார் மாதிரி இல்லை.

இன்னொன்று எமாகி. கையில் வைத்து விரிக்கும் நீளச் சுருள். இதை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். இடக்கையால் புதுப் பகுதியை அவிழ்த்து, பார்த்து முடித்ததை வலக்கையால் சுருட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது தோள் அகலம்தான். கியோத்தோவின் கோசான்-ஜி கோயிலுக்குச் சொந்தமான, முயலும் தவளையும் மல்லுக்கட்டும் புகழ்பெற்ற 12-13ஆம் நூற்றாண்டுச் சுருள்களில் முதலாவது மட்டும் சுமார் 11 மீட்டர். அதில் பனி இல்லை. ஆனாலும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இந்த மரபின் குறும்பு எவ்வளவு பழையது என்று தெரிந்துவிடும். இணையத்தில் பார்க்கும்போது வலது ஓரத்துக்குப் போய் அங்கிருந்து நகர்த்துங்கள். இடமிருந்து தொடங்கினால் தவளை ஜெயித்த பிறகு சண்டை ஆரம்பிக்கும்.

மடிப்புத் திரைகள் மூன்றாவது வகை. அவை சுருள் இல்லை. ஆனாலும் ஒரு திரையை விடமுடியாது, அடுத்த படியில் வருகிறது.

இரண்டாம் படி: வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எண்ணெய் வண்ணத்தில் பனி வரைபவர் வெள்ளைச் சாயத்தை அப்புவார். ஜப்பானியத் தூரிகைக்காரருக்கு மூன்று வழி இருந்தது.

ஒன்று, தொடாமல் விடுவது. இதற்கு மருயாமா ஓக்யோவை விட்டால் ஆளில்லை. 1733இல் தம்பா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், கியோத்தோவில் பொம்மைக் கடையில் வேலை பார்த்து, அங்கே கண்ணாடி வழியே பார்க்கும் தூரக்காட்சிப் படங்கள் வரைந்து கைப்பழக்கம் பெற்றவர். நேரில் பார்த்து வரைவது என்பதை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர். தோக்கியோவின் நிஹொன்பாஷி பகுதியில் உள்ள மித்சுய் நினைவு அருங்காட்சியகத்தில் அவருடைய பனிப் பைன் மரத் திரைகள் இரண்டு இருக்கின்றன, தேசியச் செல்வம் என்ற தகுதி பெற்றவை. அவற்றில் இருப்பது கருமை, பொன், தாள், அவ்வளவுதான். கிளை மேல் கனக்கும் பனி எல்லாம் ஓக்யோ கை வைக்காத தாளின் வெண்மை. ஊசி இலைகளை மையால் கீறிக்கொண்டே வந்தவர், பனி இருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பனிக்கு எடை வந்துவிடும், அடுத்த நொடி கிளையிலிருந்து பொத்தென்று விழும் போலிருக்கும்.

இரண்டாவது வழி, சுற்றி நிழல் போடுவது. நாய்க்குட்டியும் வெள்ளை, தரையும் வெள்ளை என்றால் என்ன செய்வது? நீர்த்த மையை உருவத்துக்கு வெளியே தடவி, ஓரத்தை மட்டும் கொஞ்சம் மங்கலாக்குவார்கள். உள்ளே இருப்பது தானாக வெளிச்சமாகிவிடும். இதற்கு 'சொதொகுமா' என்று பெயர், வெளிநிழல் என்று வைத்துக்கொள்ளலாம். பனி கொட்டும் இரவு வானத்தைச் சாம்பல் நிறத்தில் பூசுவதும் இதே உத்திதான்.

மூன்றாவதுதான் சாயம். சிப்பி ஓட்டை வெயிலில் பல காலம் கிடக்கவிட்டு, அரைத்து, விலங்குப் பசையில் குழைத்த வெள்ளை. பெயர் கொஃபுன். இதைப் புள்ளியாக வைக்கலாம், தூரிகையைத் தட்டித் தூவலாம். கியோத்தோவின் நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்த இத்தோ ஜகுச்சூ (1716–1800) இதில் எமகாதகர். பட்டின் முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கமும் பூசுவார். பின்னால் உள்ள வெள்ளை நூலிழை வழியே கசிந்து தெரிய, முன்னால் உள்ளது மேலே திட்டாக நிற்க, பனிக்கு ஆழம் வந்துவிடும். அவருடைய பனி சில இடங்களில் உருகிச் சொட்டும் மெழுகு மாதிரி கூட இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் தோன்றும், ஆனால் மறக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பட்டு பழுக்கப் பழுக்கப் பழுப்பாகும். இருநூறு வருடத்துப் பட்டில் தொடாமல் விட்ட பனி இன்று தேநீர் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்து மாலை வெளிச்சம் என்று வியக்க வேண்டாம், வயசு.

மூன்றாம் படி: பனியைத் தொடுவது யார்?

இதுதான் முக்கியமான படி, இதில் அவசரப்படாதீர்கள்.

நாய்க்குட்டியில் தொடங்குவது எளிது. ஓக்யோவும் அவருடைய சீடர் நாகசாவா ரொசெத்சுவும் (1754–1799) வரைந்த குட்டிகள் அன்றைக்கே பெரிய கிராக்கி. ஓக்யோவின் குட்டிகள் பஞ்சு உருண்டைகள். வெள்ளை ஒன்று, பழுப்பு ஒன்று என்று சேர்ந்தே இருக்கும். ஒன்று நம்மைப் பார்க்கும், ஒன்று முதுகைக் காட்டும், ஒன்று மற்றதன் மேல் ஏறும். இனிமேல் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். வால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, பின்னங்கால் எப்படிச் சரிந்திருக்கிறது என்பதில்தான் அந்தக் குட்டியின் குணம் இருக்கிறது. ரொசெத்சு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அவர் குட்டிகள் உட்காருவதே கிடையாது, சரிகின்றன. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கரிய எருதை வரைந்து, அதன் வயிற்றில் சாய்ந்தபடி ஒரு வெள்ளைக் குட்டியை வைத்த ஆள் அவர். அது பனிப்படம் இல்லைதான், ஆனால் வெள்ளையைச் சின்னதாக வைத்துச் சிரிக்க வைப்பது எப்படி என்று அதில் தெரியும்.

பல படங்களில் குட்டிக்கு மேலே மூங்கில் இருக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை, எழுத்து விளையாட்டு. சீன எழுத்தில் நாய் என்பதன் தலையில் மூங்கிலை ஏற்றினால் சிரிப்பு என்ற எழுத்தைப் போலவே தெரியும். மூங்கிலின் கீழ் நாய் நின்றால் படிப்பாளிகள் சிரிப்பு என்று வாசித்துக்கொள்வார்கள். இந்த வகைப் படத்துக்கு 'இஷ்ஷோ', அதாவது ஒரு சிரிப்பு, என்றே பெயர். நம்மூர்ச் சிலேடைப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

அடுத்தது பனிப்பந்து. இது நாய்க்குட்டியைவிட ரொம்பப் பழையது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய, 'கெஞ்சி' என்ற இளவரசனின் கதையில் 'அசாகாவோ' என்று ஒரு அத்தியாயம். நிலவு காயும் பனி இரவு. கெஞ்சி திரையைச் சுருட்டச் சொல்லிவிட்டு, பணிச் சிறுமிகளைத் தோட்டத்தில் இறக்கிப் பனி உருட்டச் சொல்கிறான். பெண்கள் பேராசையில் பந்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் தள்ள முடியாமல் திண்டாடுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அதைப் பார்த்தபடி உள்ளே கெஞ்சி தன் மனைவியிடம் பழைய பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். மனைவிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரண்மனை ஓவியத்தில் பேர்பெற்ற தோசா மரபினர் இந்தக் காட்சியை மறுபடி மறுபடி வரைந்தார்கள். சுருளிலும் உண்டு, ஏட்டிலும் உண்டு, திரையிலும் உண்டு. அடையாளம் காண்பது சுலபம்: தோட்டத்தில் ஆள் உயரத்துக்குப் பொருந்தாத பெரிய வெள்ளைப் பந்து, அதைச் சுற்றி நீளக் கூந்தலோடு இரண்டு மூன்று சிறுமிகள், தாழ்வாரத்தில் ஒரு ஆணும் பெண்ணும். வீட்டுக்குக் கூரை இருக்காது. பயப்பட வேண்டாம், புயல் அடிக்கவில்லை. உள்ளே நடப்பதை மேலிருந்து காட்டுவதற்காகக் கூரையைக் கழற்றிவிடுவது இந்த மரபின் வழக்கம். முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும், கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. உணர்ச்சியை முகத்தில் தேடினால் கிடைக்காது. பந்தில் கை வைத்திருக்கும் சிறுமியின் உடல் எவ்வளவு முன்னால் சாய்ந்திருக்கிறது, அங்கே தேடுங்கள்.

அப்புறம் பனிப் பொம்மை. இங்கே நமக்கு ஒரு சொந்தக்காரர் வருகிறார். ஜப்பானியர் பனிப் பொம்மையை 'யுகி தருமா' என்கிறார்கள். தருமா என்றால் போதிதர்மர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று மரபு சொல்லும், காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்மில் பலர் நம்பும் அதே ஆள். சீனாவில் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் கால்களே தேய்ந்துபோயின என்பது கதை. அதனால்தான் ஜப்பானின் சிவப்புத் தருமா பொம்மைக்குக் கால் கிடையாது. காலில்லாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் பனிக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. பழைய படங்களில் வரும் யுகி தருமா இன்றைய இரட்டைப் பந்துப் பொம்மை மாதிரி இருக்காது. போர்வை போர்த்திய துறவி உட்கார்ந்திருக்கும் உருவத்தையே பனியில் பிடித்து, முறைக்கும் கண் வைத்திருப்பார்கள். சுருளைவிட மரக்கட்டை அச்சுப் படங்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம்.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு கனமான படமும் இருக்கிறது. போதிதர்மரிடம் சீடராகச் சேர வந்த ஹுயிகோ, முழங்காலளவு பனி ஏறும்வரை வெளியே நின்றும் அவர் திரும்பிப் பார்க்காததால், தன் கையையே வெட்டிக் கொடுத்தார் என்பது ஜென் மரபுக் கதை. அதை செஷ்ஷு என்ற ஜென் துறவி ஓவியர் 1496இல் தம் 77 வயதில் வரைந்தார். அந்தக் காட்சியைத் தெரிந்துகொண்டு, தெருப் பிள்ளைகள் அதே குருவைப் பனியிலேயே பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் குறும்பின் அளவு புரியும். உறைபனியே விழாத ஊரிலிருந்து போன மனிதர், பாவம்.

விலங்குகளில் இன்னும் இரண்டு படங்களைக் கட்டாயம் பாருங்கள். ஜகுச்சூ 1757 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பத்து வருடம் செலவிட்டு, உயிரினங்களைப் பற்றி 30 தொங்கு சுருள்கள் வரைந்தார். கியோத்தோவின் ஷோகொகு-ஜி கோயிலுக்குக் கொடுத்த அவை 1889இல் அரண்மனைக்குப் போயின, இன்று தோக்கியோவில் அரண்மனை வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பனியில் மாண்டரின் வாத்துகள். நமக்கு மகன்றில் எப்படியோ அப்படி அவர்களுக்கு இந்த வாத்து, பிரியாத இணைக்கு அடையாளம். ஆண் பறவை தன் வண்ணச் சிறகையெல்லாம் காட்டிக்கொண்டு கரையில் கம்பீரமாக நிற்கிறது. பெண் பறவையைத் தேடினால், அது உறைகிற நீருக்குள் தலையை விட்டுக் குப்புறக் கிடக்கிறது. காதல் சின்னம் என்று மரியாதையோடு பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் சிரிக்காமல் போக முடியாது.

இன்னொன்று, பேரலைப் படத்தால் உலகப் புகழ்பெற்ற ஹொகுசாயின் புலி. 1849இல், அவர் இறந்த அதே வருடத்தின் தொடக்கத்தில், பட்டில் வரைந்த சின்னச் சுருள். பனி விழுந்துகொண்டிருக்கிறது, இலைகள் பனியைச் சுமந்து நகங்கள் மாதிரி வளைந்திருக்கின்றன, நடுவில் ஒரு புலி கால் தரையில் படாமல் மிதந்து போகிறது. முகத்தில் சிரிப்பு. ஜப்பானில் புலி கிடையாது. ஓவியர்கள் சீன, கொரியப் படங்களையும் இறக்குமதியான தோலையும் பார்த்து, மீதிக்கு வீட்டுப் பூனையைப் பார்த்து வரைந்தார்கள். சத்தியமங்கலம் காட்டோரத்தில் வளர்ந்தவர் யாராவது பார்த்தால் இதென்ன புலி என்பார். ஆனால் ஓரத்தில் உள்ள கையெழுத்தைப் படித்தால் பேச்சு நின்றுவிடும்: ஓவியப் பைத்தியக் கிழவன் மான்ஜி (முதுமையில் அவர் வைத்துக்கொண்ட பெயர்), வயது தொண்ணூறு. கீழே உள்ள முத்திரையில் இருப்பது நூறு என்ற எழுத்து. நூறைத் தாண்டினால்தான் கை சரியாக வரும் என்று நம்பியவர் அவர்.

நான்காம் படி: தடங்களைப் படியுங்கள்

பனியில் விளையாடியவர் போய்விட்டாலும் தடம் நிற்கும். ஜப்பானிய மரச்செருப்பான கெதாவின் அடியில் குறுக்காக இரண்டு பற்கள் உண்டு. பனியில் நடந்தால் இரண்டு கோடுகள் பதியும். இரண்டு என்ற எண்ணின் எழுத்தும் இரண்டு கோடுதான். பனிக் காலையில் எங்கு பார்த்தாலும் இரண்டு, இரண்டு என்று எழுதியிருக்கிறது என்ற பொருளில் ஒரு கவிதை இருக்கிறது. தென் சுதெஜோ (1633–1698) என்ற பெண் கவிஞர் ஆறு வயதில் சொன்னதாகக் கதை. நாயின் தடம் பிளம் பூ மாதிரி, கோழியின் தடம் மூங்கிலிலை மாதிரி என்பதும் பழைய வழக்கு. படத்தில் இப்படிப்பட்ட குறி தெரிந்தால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் நடந்து பாருங்கள்.

கெதாவின் பற்களுக்கு நடுவே பனி அடைத்துக்கொள்ளும், நடக்க நடக்க உயரும், கடைசியில் ஆள் தடுமாறுவார். அழகாக உடுத்திய பெண் ஒற்றைக்காலில் நிற்க, துணைக்கு வந்தவர் குனிந்து செருப்பிலிருந்து பனியை நோண்டி எடுப்பது, 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான 'எடோ' காலத்து ஓவியர்களுக்குப் பிடித்த காட்சி. கடற்கரை மணலில் புதுச்செருப்போடு நடந்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் எரிச்சல் புரியும்.

சில படங்களில் அரக்குத் தட்டில் சின்ன வெள்ளை மேடு ஒன்று இருக்கும். பனி முயல் அது. நந்தேன் செடியின் இலை இரண்டு காது, சிவப்புப் பழம் இரண்டு கண்.

ஐந்தாம் படி: முத்திரை

கையெழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு முத்திரையின் வடிவத்தைப் பார்த்துப் பழகலாம். ரொசெத்சுவின் முத்திரை சுவையானது. உறைந்த பனிக்கட்டி வடிவச் சட்டத்துக்குள் மீன் என்ற எழுத்து. குரு வீட்டுக்குப் போகும் வழியில் உறைந்த ஓடையில் ஒரு மீன் சிக்கித் துடிப்பதைப் பார்த்தாராம். திரும்பி வரும்போது பனிக்கட்டி உருகி மீன் நீந்திக்கொண்டிருந்ததாம். கற்கும்போது கட்டுப்பட்டுத்தான் இருக்க வேண்டும், பிறகு தானே விடுபடுவாய் என்று ஓக்யோ சொன்னாராம். கதை உண்மையோ இல்லையோ, 1792 வாக்கிலிருந்து வந்த படங்களில் முத்திரைச் சட்டத்தின் வலது மேல் பகுதி உடைந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதை வைத்தே படத்தின் காலத்தைப் பிரிக்கிறார்கள். சட்டம் முழுசாக இருந்தால் முந்தையது, உடைந்திருந்தால் பிந்தையது.

ஓக்யோவின் முத்திரையைப் பார்த்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அவர் பெயரில் போலிகள் அவர் வரைந்ததைவிட அதிகம் என்று சொல்லுமளவுக்கு உண்டு. சுற்றுலாப் பயணியாகப் போய்ப் பழங்கடையில் நாய்க்குட்டிச் சுருள் பிடித்திருந்தால், பிடித்த படம் என்று நினைத்து அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். வாங்கி வந்தால் ஈரமில்லாத நாளில் சில நாள் மட்டும் மாட்டி, சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். படப்பரப்பில் விரல் படக் கூடாது. இறுக்கிச் சுருட்டினால் கொஃபுன் பொடிந்து உதிரும், பனி நிஜமாகவே கொட்டிவிடும்.

ஆறாம் படி: எங்கே பார்ப்பது

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் நாள்காட்டி முக்கியம். பட்டும் சாயமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் உயர்தகுதி பெற்ற ஓவியங்களை வருடத்தில் 60 நாளுக்கு மேல் காட்டுவதில்லை என்பது பொது விதி. பனிப் படங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வெளிவரும். மித்சுயின் பனிப் பைன்களை வழக்கமாகப் புத்தாண்டை ஒட்டி வைப்பார்கள். ஏப்ரலில் செர்ரிப் பூ பார்க்கப் போய்விட்டு, பனிச் சுருள் எங்கே என்று கேட்டால் காவலாளி குனிந்து மன்னிப்புக் கேட்பார், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம், கட்டணமில்லை. ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் கோல்பேஸ் தளம், ஈ-கொகுஹோ தளம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டு. தேடும்போது ஓவியர் பெயரோடு பனி, நாய்க்குட்டி என்ற சொற்களை அந்தத் தளத்தின் மொழியில் போடுங்கள். படம் கிடைத்ததும் உடனே பெரிதாக்காதீர்கள். முதலில் முழுச் சுருளையும், துணி ஓரம் உட்பட, திரையில் கொண்டுவந்து ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். அப்புறம் பனியைத் தொடும் இடத்துக்கு மட்டும் போங்கள். குறிப்பைக் கடைசியில் படியுங்கள்.

குறும்பே இல்லாத ஒரு படத்தோடு சேர்த்துப் பார்த்தால் கண் இன்னும் கூர்மையாகும். அதற்குக் கவிஞரும் ஓவியருமான யோசா புசோன் (1716–1784) பொருத்தம். அவருடைய இரவுப் பனி நகரம் சுமார் 130 சென்டிமீட்டர் நீளக் கிடைச்சுருள். மலை, கரிய வானம், பனி மூடிய கூரைகள், அங்கங்கே சன்னலில் இளஞ்சிவப்பாகக் கசியும் விளக்கு. ஒரு ஆள்கூட இல்லை. பகலெல்லாம் உருட்டி விளையாடிய பிள்ளைகள் அந்தக் கூரைகளுக்கடியில் தூங்குவதாக நான் நினைத்துக்கொள்வேன்.

ஏழாம் படி: ஒரு குட்டியைச் செய்து பாருங்கள்

வரையத் தெரியாது என்று நழுவ வேண்டாம், இது வரைவதற்கான பயிற்சி இல்லை, பார்ப்பதற்கானது. தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும் தாள், கறுப்பு மை, ஒரு தடித்த தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை, இரண்டு கிண்ணம் தண்ணீர் போதும். பென்சிலால் லேசாக உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வடிவமும் அதன் மேல் சின்ன உருளைக்கிழங்கும் போடுங்கள். வடிவத்துக்கு வெளியே மட்டும் தடித்த தூரிகையால் வெறும் தண்ணீர் தடவுங்கள். அது காய்வதற்குள் மிக மிக நீர்த்த மையை உருவத்தின் ஓரத்தை ஒட்டித் தொடுங்கள். மை வெளிப்பக்கமாகத் தானே பரவி மங்கும். உள்ளே போகவிடாதீர்கள். ஒரு நிமிடத்தில் உருளைக்கிழங்குக்கு உடம்பு வந்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு கெட்டி மையில் மூன்றே புள்ளி, இரண்டு கண், ஒரு மூக்கு. காதுக்கு இரண்டு வீச்சு. மூக்கின் மேல்பாதியை வெள்ளையாக விட்டால் அங்கே பனி ஒட்டியிருக்கும். நான் முதலில் செய்தது பன்றிக்குட்டி மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்து அதையேதான் சொன்னார்கள். பிறகு ஓக்யோவைத் திரும்பப் பார்த்துவிட்டு, வாலைக் கொஞ்சம் தூக்கி இடப்பக்கமாக வளைத்தேன். நாயாகிவிட்டது.